முப்பதடிச் சரளைப் பாதை

தெருவில் எல்லோருக்கும் அவர் ரோலர்காரர். இருபத்தெட்டு வருஷம் ரோடு ரோலர் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் போகும்போதுகூட ஜன்னல் வழியாகக் கீழே பார்த்து, "சரியா உருட்டல" என்று முணுமுணுப்பார். ஆனால் சொந்த வீட்டில், கேட்டிலிருந்து வாசற்படி வரைக்குமான முப்பதடிச் சரளைப் பாதை கேட்பாரற்றுக் கிடந்தது.

எப்போதோ விற்றுவிட்ட பழைய கார் ஏறி இறங்கிய தடத்தில் இரண்டு பள்ளங்கள். மழை பெய்தால் அவற்றில் தண்ணீர் தேங்கும், சரளையில் பாதி தெருவுக்குப் போய்விடும். அவர் மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தார். டெய்லரம்மாவிடம் துணி கொடுக்க வருகிறவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் படியேற வேண்டும்.

"ஊருக்கெல்லாம் ரோடு போட்டீங்க. நம்ம வாசலுக்கு ஒரு நாள் ஒதுக்கக் கூடாதா?"

"பாத்துக்கலாம்."

அப்படிப் பார்த்தே ஆறேழு வருஷம் ஓடியது. மிஞ்சிப் போனால் இரண்டு கூடை சரளையைப் பள்ளத்தில் கொட்டிக் காலால் மிதித்து விடுவார். அடியில் இருக்கிற சேற்று மண்ணை அள்ளாமல் மேலே எத்தனை கல் கொட்டினாலும் உள்ளே இறங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்தே செய்தார். பின்னாளில் அவரை அரித்தது அதுதான்.

ஒரு மழைக்காலக் காலையில், தைத்த துணியை மறந்துவிட்டுப் போன ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே டெய்லரம்மா வெளியே ஓடினார். பள்ளம் தண்ணீருக்குள் இருந்தது. கால் மடங்கி விழுந்தவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நடந்தது, நடை திரும்பவில்லை. சக்கர நாற்காலியோடு வீடு வந்தார்.

மறுவாரமே ரோலர்காரர் கடப்பாரையை எடுத்தார். ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டிச் சேற்றை அள்ளினார். பெரிய கல்லைப் பரப்பித் திமிசுக்கட்டையால் இடித்தார். அதன் மேல் சின்னச் சரளை. நடுவில் லேசான மேடு, இருபுறமும் சரிவு, ஓரத்தில் தண்ணீர் ஓட வாய்க்கால். ஒன்பது நாள் ஆனது.

"ஆள் வச்சுக்கலாமேப்பா," என்றாள் வேலை முடிந்து வந்த மகள்.

"வேண்டாம்மா. இது நான் செய்ய வேண்டியது."

பத்தாம் நாள், படியில் பலகை சாய்த்து மனைவியை மெதுவாக இறக்கினார். இரண்டடி தாண்டவில்லை, நாற்காலியின் முன்சக்கரங்கள் சரளையில் புதைந்தன. தம் பிடித்துத் தள்ளினார். நாற்காலி ஒருபக்கம் சாய்ந்தது.

"சின்னச் சக்கரம்ப்பா. சரளையில ஓடாது," என்றாள் மகள்.

எட்டு டன் ரோலரின் சக்கரத்தையே பார்த்துப் பழகிய மனிதருக்கு இது தோன்றவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டெய்லரம்மா குனிந்து பாதையைப் பார்த்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்கீங்க. இனிமே தண்ணி நிக்காது."

"நீ நாலு திட்டுத் திட்டினாத் தேவலை."

"திட்டி என்ன ஆகப்போகுது? உள்ள தள்ளுங்க, தைக்க வேண்டியது கிடக்கு."

சரளையை நடுவில் வாரி ஒதுக்கி, சிமெண்ட் பலகைகளை வரிசையாகப் பதிக்க இன்னும் இரண்டு வாரம் பிடித்தது. இப்போது நாற்காலி அலுங்காமல் ஓடியது. ஆனால் அதற்குள் டெய்லரம்மாவுக்கு வெளியே போகிற ஆசையே விட்டுப்போயிருந்தது. கூப்பிட்டால், "அப்புறம் போலாம்" என்பார்.

மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் டெய்லரம்மாவாகவே, "கேட் வரைக்கும் போலாமா?" என்றார். போனார்கள். தெருவில் ஆட்கள் வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பவே அந்தச் சேத்தை அள்ளியிருக்கணும்," என்றார் ரோலர்காரர்.

"ஆமாங்க," என்றார் டெய்லரம்மா.

கோபமில்லாத குரல். ரோலர்காரர் நாற்காலியின் பிடியை விடாமல், மனைவி போதும் என்று சொல்லும்வரை அங்கேயே நின்றிருந்தார்.