காலண்டர் தாளில் போட்ட சம்பளம்

இடுப்பு பிடித்துக்கொண்டு, வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் வேலையை நான் விட்ட பிறகு, என் வீட்டுக்காரி வத்தலக்குண்டு ரோட்டில் இருக்கும் துணிக் கம்பெனிக்குப் போனாள். சட்டைகளை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலை. மணிக்கு ஐம்பத்தைந்து ரூபாய் கூலி. மாதம் முடிந்ததும் பேங்கில் போட்டுவிடுவார்கள்.

வீட்டில் கிடந்த எனக்கு அதைக் கணக்குப் போடுவதே வேலையாயிற்று. சாயங்காலம் விளக்கேற்றி முருகனைக் கும்பிட்டுவிட்டு, அன்றைக்குக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவேன். காலை எட்டரைக்கு உள்ளே போய் ஐந்தரைக்கு வெளியே வருகிறாள். ஒன்பது மணி நேரம். ஆக நானூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய். அதை நேற்றுவரை உள்ளதோடு கூட்டி, அவள் வந்து கால் கழுவியதும் வாசித்துக் காட்டுவேன். "இம்புட்டு ஆயிருச்சா?" என்பாள்.

அந்தத் தொகையை நம்பித்தான் மகளின் நேர்த்திக்கடனுக்கு நாள் குறித்தேன். கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது, பழனியில் மொட்டை போட்டுக் காது குத்துகிறோம் என்று வேண்டிக்கொண்டது. மூன்று வயதாகியும் செய்யவில்லை. சாமியைக் காக்க வைக்கிறோமே என்று எனக்குள் ஒரு பயம். நத்தத்தில் இருக்கும் வீட்டுக்காரியின் அண்ணனுக்குப் போன் போட்டு, தாய்மாமன் மடி வேண்டும், எல்லாரையும் நானே வேன் வைத்துக் கூட்டிப்போகிறேன் என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன்.

சம்பளம் வந்தது. நான் எழுதி வைத்திருந்ததைவிட ரொம்பக் குறைவு. வேனுக்குக் கொடுக்கப் பணமில்லை. கம்பெனியில் ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தினேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். சாப்பாட்டுக்கு விடும் ஒரு மணி நேரத்துக்குக் கூலி கிடையாது. மிச்சம் எட்டு மணி நேரக் கூலியிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் பி.எஃப்., முக்கால் ரூபாய் இ.எஸ்.ஐ. பிடிப்பார்கள். ஒன்று பிற்காலத்துக்குச் சேரும், இன்னொன்றில் என் இடுப்புக்கும் வைத்தியம் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்குக் கையில் வருவது முந்நூற்று எண்பத்து நாலு ரூபாய்தான். சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்களாம்.

"தெரிஞ்சும் ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லல?"

அவள் நான் கணக்கெழுதிய தாளை மடித்துக்கொண்டே சொன்னாள். "இடுப்பு பிடிச்சுப் படுத்ததுலருந்து, இந்தக் கணக்கைப் போடுறப்பத்தான் செத்த நேரம் சிரிச்ச முகமா இருந்தீக. அதை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

அவள் அண்ணனுக்கு என்ன சொல்வது என்று போனை எடுத்தும் வைத்தும் தவித்தேன்.

"அண்ணன்ட்ட அப்பவே பஸ்ஸுல போறோம்னு சொல்லிட்டேன். கட்டுச்சோறு அவங்க வீட்டுல கிண்டிட்டு வாராக."

குறித்த நாளில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் புளியோதரைத் தூக்கோடு நின்றார் அவள் அண்ணன். பழனி பஸ் வந்ததும் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்ள, வேன்னுதான சொன்னீக. கண்டக்டரெல்லாம் வச்சு இம்புட்டுப் பெருசாப் பிடிப்பீகன்னு நெனைக்கலயே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். பழனியில் மகள் மாமன் மடியில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்தபோது, அப்பனே முருகா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

இப்போதும் சாயங்காலம் கணக்குப் போடுகிறேன். சாப்பாட்டு நேரத்தைக் கழித்து, பிடித்தம் போக, கையில் வருவதை மட்டும் கூட்டி எழுதுகிறேன். அவள் கால் கழுவிவிட்டு வந்து, ஈரக் கையோடு எட்டிப் பார்த்து, "இம்புட்டு ஆயிருச்சா?" என்கிறாள்.