அண்ணன் வந்ததாகக் குறித்த பதினைந்து நாட்கள்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. உடன்பிறந்த நால்வரில் மிஞ்சியிருப்பவன் நான் மட்டுமே. ஆகவே இந்த நினைவு மலரை நானே எழுத வேண்டியதாயிற்று.

அண்ணன் மங்கலத்தில் நெசவுக் குடும்பத்தின் தலைமகனாகப் பிறந்தார். பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்து, திருப்பூருக்கு நடந்தே வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தார். இருபத்தொன்பது ஆண்டுகள் கட்டிங் மாஸ்டராக நின்றே வேலை செய்தார். என்னைப் படிக்க வைத்துப் பள்ளிக்கூட எழுத்தராக்கியவர் அவர்தான். அண்ணி காலமான பிறகு, மணமாகாத நானும் அவரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

அண்ணனுக்கு அறுபது வயது கடந்த புதிதில், அவருடன் வேலை செய்து ஓய்ந்த ஒருவர் வாடகை அறையில் இறந்து மூன்று நாள் கிடந்தார். யாருக்கும் தெரியவில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்த அண்ணன் இரண்டு நாள் உண்ணவில்லை. பிறகுதான் முதியோர் சங்கத்தைத் தொடங்கினார். கோவிலை ஒட்டி ஒரு கூடம், இரண்டு செய்தித்தாள், ஒரு கேரம் பலகை. மாலை ஐந்து மணிக்கு வருகைப் பதிவு. முதல் விதி, தொடர்ந்து மூன்று நாள் வராதவர் வீட்டுக்கு இருவர் போய்ப் பார்க்க வேண்டும் என்பது.

அண்ணன் இப்படிப் போனது நூற்றுப் பதினேழு முறை. வந்ததும் என்னிடம் சொல்வார், நான் எண்ணிக்கொள்வேன். பொங்கலூரில் மகள் வீட்டில் தங்கிவிட்ட ஒருவர், இவரைக் கண்டதும், "ஏனுங்க, நான் செத்துட்டனான்னு பாக்க வந்தீங்களாக்கும்?" என்றாராம். "ஆமாங்க. இல்லீன்னு தெரிஞ்சுபோச்சு, காப்பி போடச் சொல்லுங்க" என்றாராம் அண்ணன்.

சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து அண்ணனுக்கு இடுப்பு முறிந்தது. எனக்கு அப்போது அறுபது ஆகாததால் நான் சங்க உறுப்பினன் அல்லேன். போய்ச் சொல்லவா என்று கேட்டேன்.

"சொல்லாத தம்பி. சொன்னா வந்துருவாங்க. சொல்லாமயே வரோணும், அதுக்குத்தான சங்கம் வெச்சது."

மூன்றாம் நாள் மாலை புதுப் பனியன் போட்டுக்கொண்டு, கட்டிலருகே இரண்டு முக்காலி போடச் சொன்னார். நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் போட்டேன். ஒன்பதாம் நாள், "ஒண்ண எடுத்துரு தம்பி. ஒருத்தராச்சும் வரட்டும்" என்றார்.

ஒருவரும் வரவில்லை. பதினைந்தாம் நாள் காலை அண்ணன் போய்விட்டார்.

அவர் இறந்த மூன்றாம் நாள் சங்கத்தார் மாலையோடு வந்தார்கள். நாற்பத்தொரு பேரில் முப்பத்து மூவர். இரங்கல் தீர்மானத்தை வருகைப் பதிவேட்டிலேயே எழுதிக் கொண்டுவந்து செயலாளர் வாசித்தார். வாங்கிப் பின்பக்கங்களைப் புரட்டினேன். முதல் பெயர் அண்ணனுடையது. அவர் படுத்திருந்த பதினான்கு நாளும் வந்ததாகக் குறித்திருந்தது. இறந்த நாள் மாலையிலும் வந்திருந்தார்.

"மொதப் பேருங்க. அவருக்குப் போயி ஆப்சென்ட் போடக் கை வருமுங்களா?" என்றார் செயலாளர். "ஊருக்குக் கீது போயிருப்பாரு, வந்துருவாருன்னு நெனச்சோமுங்க."

மரியாதைக்குச் செய்ததாகவே அவர் நம்புகிறார். நானும் ஓராண்டாக அப்படி நினைக்க முயன்று பார்த்தேன். முடியவில்லை. எனக்கு அது துரோகமாகவே படுகிறது. அண்ணன் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்ததை நான்தான் பார்த்தேன்.

பதினான்கு நாளும் கஞ்சி காய்ச்சித் தந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், அவரைத் தூக்கித் துடைக்கத் தினம் இருமுறை வந்த சலவைத் தொழிலாளிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. இருவரும் சொல்லாமலே வந்தவர்கள்.

சங்கத்தார் நாற்பத்தொருவர் வீட்டுக்கும் இம்மலரை நானே கொண்டுவந்து தருவேன். விதிப்படி இருவர் வர வேண்டும். என்னோடு வர ஆளில்லை. ஒரு முக்காலி போட்டு வையுங்கள், போதும்.