எல்லாரும் அணைத்துவிடும் தெரு

எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள வெட்டவெளியில் கம்பி ஆன்டெனாக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வானத்தின் தொலைவிலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலைகளை அவை பிடிக்கின்றன. யார் வீட்டு மோட்டாரிலாவது தீப்பொறி தெறித்தால், அந்த அலைகள் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். அப்படிப்பட்ட மோட்டாரைத் தேடிப் பிடிப்பதுதான் என் அண்ணனுக்கு வேலை.

சில வாரங்களாக ஓர் இரைச்சல் அவரைப் பாடாய்ப் படுத்துகிறது. இரைச்சலைக் கேட்டுத் தேடும் கருவியோடு அவர் தெருமுனையில் திரும்பியதுமே அது நின்றுவிடும். ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருக்கும் எனக்குக் காரணம் தெரிந்தது. அவர் தலையைக் கண்டதும் தெருவே மரியாதையாக எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது.

அதைச் சொன்னேன். நேற்று அவர் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார்.

"இந்த வாரம் கண்டுபிடிக்கலேன்னா, ஆன்டெனாவுல இவ்வளவு நாள் பதிவு பண்ணதெல்லாம் குப்பைக்குத்தான். தயவுசெஞ்சு எதையும் அணைக்காதீங்க."

இன்று அவர் வந்ததும் எல்லா வீட்டிலும் எல்லாமே ஓடின. எதிர்வீட்டு அத்தை வெறும் மிக்ஸியைக்கூட ஓடவிட்டார். எது எந்த வீட்டுச் சத்தம் என்று பிரிக்க முடியாமல் கருவி ஊளையிட்டது.

"போதுமா தம்பி? துணி துவைக்கிற மெஷினையும் போடட்டுமா?"

அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார். "எப்பவும் போல இருங்க அத்தை. அது போதும்."

"நீ வாசல்ல வந்து நின்னா, எப்பவும் போல எப்படிப்பா இருக்கிறது?"

அண்ணன் வீட்டுக்குள் வந்து கருவியை என் தையல் மெஷின்மேல் வைத்தார்.

"நாளைக்கு நீயே எடுத்துட்டுப் போ," என்றார் எரிச்சலோடு. "உன்னைத்தான் இந்தத் தெருவுல யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லையே."