நாற்பத்தொரு பேரும் ஒரு பெருக்கல் குறியும்

கிரனடாவில் எங்கள் ஊர்ச் சாதிக்காய்க் கிடங்கில் முப்பது வருடமாகக் காய் பொறுக்குகிறவள் பெர்னடின். தொட்டித் தண்ணீரில் கொட்டினால் நல்ல காய் மூழ்கும், சொத்தை மிதக்கும். தேர்தல் அறிவித்ததும் அவள்தான் ஆரம்பித்து வைத்தாள்.

“மீன் கட்சி ஜெயிச்சாலும் மணிக் கட்சி ஜெயிச்சாலும் அஞ்சு வருசம் நம்ம பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டான். வேலை செய்யலன்னா நடுவுலயே வீட்டுக்கு அனுப்ப ஒரு சட்டம் வேணும். அதைக் கொண்டு வரேன்னு எவன் கையெழுத்துப் போடறானோ, நம்ம கிடங்கோட நாப்பத்தொரு ஓட்டும் அவனுக்கே!”

போன முறை எங்கள் தொகுதி இருபது ஓட்டில் கைமாறியது. ஆகவே வேட்பாளர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். அந்த வெளிச்சத்தில் விடிந்துவிட்டதென்று சேவல்கள் மூன்று தடவை கூவின. நம்பாதவர்கள் சேவலைக் கேட்டுக்கொள்ளட்டும்.

“எந்தக் கட்சியிலயும் ஒட்டாம மிதக்கறது சொத்தைக் காய்தானேக்கா?” என்று சீண்டினான் மீன் கட்சி வேட்பாளன்.

“முங்கினதை மூட்டை கட்டிடுவோம் தம்பி. மிதக்கறதைத்தான் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாப்போம்.”

கிடங்கே சிரித்தது. அவன் கையெழுத்துப் போடாமலே போய்விட்டான். மணிக் கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டார். காகிதம் சுவரில் ஏறியது. அதற்குக் கீழே நிற்கவைத்து ஒவ்வொருவரிடமும் மணிக்கே ஓட்டு என்று சத்தியம் வாங்கினாள் பெர்னடின்.

ஓட்டுப் போடும் மறைவுக்குள் பெர்னடின் தனியாக நின்றாள். அவள் அப்பா மணிக் கட்சிக்காரன் கடையில் ரொட்டிகூட வாங்கியதில்லை. மீன் கொடி போர்த்தித்தான் குழிக்குள் இறங்கினார். சீட்டில் அந்த மீன் சின்னம் அவளைப் பார்த்தது. பென்சில் நேரே அதன்மேல் போய்ப் பெருக்கல் குறி போட்டது.

மணிக் கட்சி ஒரே ஓட்டில் தோற்றது.

மறுநாள் மதியம் தேங்காய்ப்பாலில் ஈரப்பலா வெந்த பெரிய பானையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மூட்டை தைக்கும் கிழவர் ஆல்பனின் தட்டு மட்டும் காலி.

“அந்த ஒரு ஓட்டு உன்னோடதுதான். மீன் கட்சிக்காரனோட உக்காந்து ரம் குடிச்சியே, வெக்கமாயில்ல?” என்றாள் கூடக் காய் பொறுக்கும் டெல்ஃபின்.

“ரம் அவன் வாங்கிக் குடுத்தான், குடிச்சேன். ஓட்டு நம்ம காகிதத்துக்குத்தாண்டி போட்டேன்.”

“காலி தட்டை நக்கு!”

பரிமாறியவள் பெர்னடின். கரண்டி பிடித்த விரலில் ஓட்டு மை. எல்லோர் விரலிலும் இருந்த அதே மைதான். அவளுக்கு மட்டும் அது எரிந்தது. பேசாமல் இருந்தால் ஆல்பன் இனி என்றைக்கும் இங்கே தனியாகத்தான் சாப்பிடுவார்.

“அவரை விடுங்கடி. மீனுக்குப் போட்டது நான்.”

“நீயா! எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினவ நீதானேடி!” டெல்ஃபின் தட்டைத் தரையில் வைத்தாள்.

ஆல்பன் பெர்னடின் கையிலிருந்து கரண்டியை வாங்கித் தானே போட்டுக்கொண்டார். அதற்கு மேல் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மாலையில் அவள் தொட்டியில் காயைக் கொட்டினாள். மிதந்தவற்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க அவளுக்கு முகமில்லை.