பன்றிக் காய்ச்சலும் என் ஆள்காட்டி விரலும்

லிஃப்ட் ஆபரேட்டர் வேலை என்பது, யாரும் தாங்களே செய்துகொள்ளக்கூடியதை நாள் முழுக்க நாம் செய்துகொடுத்துவிட்டு, இதுவும் பெரிய வேலைதான் என்று நம்மையே நம்பவைத்துக்கொள்வது. அப்படிப்பட்ட வேலை பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பன்றிக் காய்ச்சல் வந்த வருடம் வைட்ஃபீல்டில் ஓர் எட்டு மாடிக் கம்பெனியில் எனக்கு அந்த வேலை. "ஆட்டோமேட்டிக் லிஃப்டுக்கு ஆள் எதுக்கு? இந்த மாசத்தோட நின்னுக்கோ" என்று மேனேஜர் மஞ்சுநாத் சார் சொல்லியிருந்தார். ஈஜிபுரா வீட்டில் என் மனைவி செல்வி மாசமாக இருந்தாள். அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

முழங்கை

டிவியில் காய்ச்சல் செய்தி வந்த மறுநாளே, அதுவரை என்னைத் தாண்டிக் கை நீட்டித் தாங்களே பட்டன் அமுக்கியவர்கள் கையை மடக்கிக்கொண்டார்கள். ஒருவர் பைக் சாவியால் குத்தினார். ஒருவர் முழங்கையால் இடித்தார்; நாலும் அஞ்சும் ஆறும் சேர்ந்து எரிந்தன. ஏழாவது மாடி நித்யா, தினமும் என்னிடம் நாலு வார்த்தை பேசும் கோயம்புத்தூர்ப் பெண், அவள்தான் வழி சொன்னாள்.

"எதுக்குங்கண்ணா எல்லாரு விரலும் கெடணும்? உங்க விரல் ஒண்ணு போதுங்களே!"

நீட்டிப்பு

அதன்பிறகு என் விரலுக்கு வந்த மவுசைப் பார்க்க வேண்டுமே! டீம் லீடர்கள்கூட "அண்ணா, எட்டு ப்ளீஸ்" என்றார்கள். ஒருநாள் லீவு போட்டேன். அன்று லிஃப்டுக்குள் யார் அமுக்குவது என்று சண்டையே வந்துவிட்டதாம். ஊரே காய்ச்சல் ஒழியணும் என்று வேண்டிக்கொண்டிருந்தபோது, செல்விக்குப் பிரசவம் ஆகும்வரை அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று வேண்டியவன் நான். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. வேண்டுதல் பலித்தது. மஞ்சுநாத் சார் கூப்பிட்டு, கை துடைக்க ஒரு ஜெல் பாட்டிலைக் கொடுத்தார்.

"ஜ்வரம் போற வரைக்கும் நீ இருப்பா. ஆமேலே நோடோணா, அப்புறம் பாக்கலாம்."

கற்பூரம்

ஒருநாள் காலை நெரிசலில், அக்கவுண்ட்ஸ் ராகவன் சார் நாலு தும்மல் தும்மினார். இரண்டாவது மாடியிலேயே அத்தனை பேரும் இறங்கிப் படியேறிவிட்டார்கள். எட்டாவது மாடிக்காரர்களும்தான்! பாவம், அவர் கைக்குட்டையைப் பிரித்து என்னிடம் காட்டினார். உள்ளே கற்பூரமும் ஏலக்காயும்.

"காய்ச்சல் வரக் கூடாதுன்னு மோந்து பாத்தேன்ப்பா. அதுலதான் தும்மலே வருது!"

பல்குச்சி

செல்விக்கு எட்டாம் மாதம் என்று பேச்சுவாக்கில் நித்யாவிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சல் ரொம்ப ஆபத்தாம். "நாந்தானுங்கண்ணா உங்களை அமுக்கச் சொன்னேன்" என்று கண் கலங்கினாள். மறுநாள் ஒரு தெர்மாகோல் கட்டை நிறையப் பல் குத்தும் குச்சிகளைக் குத்திக்கொண்டுவந்து, பட்டன் பலகைக்குப் பக்கத்தில் தன் கையாலேயே ஒட்டினாள். ஆளுக்கொரு குச்சி, அமுக்கிவிட்டுக் குப்பையில் போட வேண்டியது. மஞ்சுநாத் சார் வந்து பார்த்தார், ஒரு குச்சியை எடுத்து மூன்றை அமுக்கினார், தலையை ஆட்டினார். நான் என் விரலைப் பார்த்துக்கொண்டேன். நித்யாவுக்கோ ஒரே சந்தோஷம்.

"இனி நீங்க இங்க எதையும் தொட வேண்டாமுங்கண்ணா!"

அந்த மாதக் கடைசியோடு தொடவில்லைதான். ஆனால் செல்வியும் குழந்தையும் ஒரு தும்மல்கூட இல்லாமல் வீடு வந்து சேர்ந்ததால், என் வேலைக்கு உலை வைத்த அந்தப் பெண்ணைத் திட்ட இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.