மூன்றாம் வரிசை, பத்தொன்பதாம் துளை

போடிநாயக்கனூரில் சீரியல் செட்டுக்காரர் என்று சொன்னால்தான் முத்துக்கண்ணனைத் தெரியும். திருவிழாக்களில் உயரமான சட்டங்களில் வண்ண பல்புகளைக் கட்டி, மயிலையும் யானையையும் ஒளிரவிடுவது அவர் தொழில். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மின்சாரத்தையும் வெல்டிங்கையும் பழைய புத்தகங்களைப் படித்தும் கையைச் சுட்டுக்கொண்டும் தாமாகக் கற்றவர். எதைச் செய்தாலும் அளவும் தேதியும் போட்டு வரைந்து, அட்டைக் கோப்பில் கோத்து வைப்பார்.

2018ஆம் ஆண்டு பங்குனியில் பொட்டிபுரம் திருவிழாவுக்குத் தோகை விரிக்கும் மயில் ஒன்றைக் கட்டியிருந்தார். பல்புகளை முறைவைத்து எரியச் செய்வது ஒரு மர உருளை. அதன்மேல் செப்புத் தகடுகள் சாய்வாகப் பதிந்திருக்கும். உருளை சுழலச் சுழல ஒவ்வொரு தகடாகக் கம்பியைத் தொடும். ஒவ்வொரு பல்பாக எரியும். பல்பு நின்ற இடத்தில் நிற்க, வெளிச்சம் மட்டும் நடந்து போகும்.

அவர் மனைவி தேவி, ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் ஸ்டோரில் காய் பொறுக்குபவர். அன்று வேலை முடிந்து நேரே திருவிழாவுக்கு வந்தவர், காயை அளவுவாரியாகப் பிரிக்கும் சல்லடை உருளையைத் திட்டிக்கொண்டே வந்தார். எல்லாக் காயும் மொத்தமாக மேலே ஏறி மொத்தமாக விழுகிறதாம், தோல் வெடிக்கிறதாம், நாளெல்லாம் வெடித்த காயைப் பொறுக்கியே விரல் மரத்துவிட்டதாம். முத்துக்கண்ணனின் கண் மர உருளையிலேயே இருந்தது. சல்லடைத் துளைகளையும் காயைத் தூக்கும் உள்பட்டைகளையும் நேர்வரிசையாக வைக்காமல், இந்தச் செப்புத் தகடுகளைப்போலச் சாய்வாக ஓடவிட்டால்? காயும் வெளிச்சத்தைப்போல ஒன்றன்பின் ஒன்றாக நடக்காதா?

அதைச் செய்து முடிக்கப் பதினான்கு மாதங்கள் ஆயின. எட்டு மில்லிமீட்டர் துளைகள் கொண்ட தகட்டின் மூன்றாம் வரிசையில் பத்தொன்பதாவது துளையைப் போடும்போது டிரில் வழுக்கிக் கோணலாக இறங்கியது. அந்தத் துளையைப் பற்றவைத்து அடைத்தார். குறிப்பேட்டில், “கைத்தவறு. அடைக்கப்பட்டது” என்று எழுதினார். தகட்டையே மாற்றிவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. ஒரு துளைக்காக ஒரு தகடா என்று தேவி தடுத்துவிட்டார்.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டமும் கீழே ஸ்டோரும் வைத்திருந்த வெள்ளைத்துரை, உருளையை ஒரு பருவம் ஓட்டிப் பார்க்கக் கேட்டார். “நல்லா ஓடுச்சுன்னா ஊருக்கே ஒம் பேரைச் சொல்றேன் அப்பு,” என்றார். ஐந்து மாதம் ஓடியது. காய் வெடிக்கவில்லை. உருளை திரும்பி வந்தபோது தகடெங்கும் பென்சில் கரி படிந்திருந்தது. முத்துக்கண்ணன் அதையும் குறித்துவைத்தார்: “கரிக்கறை. துடைக்கப்பட்டது.” எதற்காக ஒருவர் சல்லடைமேல் காகிதத்தை விரித்துப் பென்சிலால் தேய்ப்பார் என்று அன்று அவர் யோசிக்கவில்லை.

2022இல் ஒரு வேளாண் கண்காட்சியில் அவர் அந்த உருளையைப் பார்த்தார். எவர்சில்வரில் பளபளத்தது. “வடிவமைப்பு: வெள்ளைத்துரை அண்ட் சன்ஸ்” என்று தகட்டில் பொறித்திருந்தது. அவர் குனிந்து மூன்றாம் வரிசையை எண்ணினார். பத்தொன்பதாம் இடத்தில் துளை இல்லை. அவருடைய கைத்தவறையும் சேர்த்தே நகலெடுத்திருந்தார்கள்.

மின்வேலைக்காகப் போன நான்கு ஸ்டோர்களிலும் புதிதாக வந்திறங்கியிருந்த அந்த உருளையில் அதே இடம் மூடியே இருந்தது. பிறர் இடத்தில் அனுமதியின்றிப் படம் பிடிப்பது முறையல்ல என்று எண்ணி, நால்வருக்கும் பதிவுத் தபாலில் அனுமதி கேட்டு எழுதினார். ஒருவரும் பதில் எழுதவில்லை. பிறகு வியாபாரிகள் சங்கத்துக்குப் பதினொரு பக்கத்தில் புகார் எழுதினார். தமக்கு வேண்டியது காசல்ல, தகட்டில் தம் பெயர் மட்டுமே என்று முதல் பத்தியிலேயே தெளிவுபடுத்தினார். ஏழாம் பத்தியில் பத்தொன்பதாம் துளையைப் படம் வரைந்து விளக்கினார். புகாரின் நகல் எதிர்த்தரப்புக்குப் போவதுதான் நியாயம் என்று அவர் படித்த சட்டப் புத்தகம் சொன்னது. ஒரு நகலை வெள்ளைத்துரைக்கு அவரே அனுப்பினார்.

இருபத்தாறு நாள் கழித்து விசாரணை நடந்தது. ஸ்டோர் ஒன்றிலிருந்து இயந்திரத்தைக் கூட்ட அறைக்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். முத்துக்கண்ணன் மண்டியிட்டு எண்ணத் தொடங்கினார்.

“வெரசா எண்ணாத அப்பு,” என்றார் நாற்காலியில் இருந்த வெள்ளைத்துரை. “நிதானமா எண்ணு. தப்பிப் போயிரப் போகுது.”

பத்தொன்பதாம் இடத்தில் துளை இருந்தது. அதன் வழியே அறையின் மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. விளிம்பு மட்டும் புதிதாக மின்னியது.

“இது இப்பப் போட்ட ஓட்டைங்கய்யா. வெளிம்பைப் பாருங்க.”

விசாரித்தவர்களில் மூத்தவரான தங்கபாண்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “ஓட்டை இல்லாததுதான் அத்தாட்சின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இங்க ஓட்டை இருக்கு. நாங்க எதைப் பாக்குறது?”

புகாரின் நாற்பத்துமூன்று இணைப்புகளையும் முத்துக்கண்ணன் மேசைமேல் பரப்பினார். வரைபடத்துக்குத் தேதி போட்டவர் அவரே என்பதால் அந்தத் தேதி செல்லாது என்றார்கள். எல்லாருடைய மனமும் கோணாமல் இருக்க, உருவாக்கத்தில் உதவிய மெக்கானிக் என்று தீர்மானத்தில் அவரைச் சேர்த்து, ஒரு பொன்னாடையையும் எடுத்து வைத்தார்கள். முத்துக்கண்ணன் பொன்னாடையைத் தொடவில்லை. தீர்மானத்தின் நகலைக் கையொப்பமும் முத்திரையும் இட்டுத் தரும்படி கேட்டு, அது கைக்கு வரும்வரை வாசலிலேயே நின்றார்.

அடுத்த பருவத்தில் புதிய உருளைகளில் காய் வெடிக்கத் தொடங்கியது. காரணம் முத்துக்கண்ணனுக்கு மட்டுமே தெரியும். இயந்திரத்தின் பின்கால்களுக்கு அடியில் ஒரு செங்கல் உயரம் கொடுத்தால்தான் அந்த உருளையில் காய் தங்காமல் நடக்கும். வெள்ளைத்துரையின் குரங்கணி ஸ்டோரில் தரையே அந்த அளவுக்குச் சரிந்திருந்ததால் அங்கே செங்கல் தேவைப்படவில்லை. அளவெடுத்தவர்கள் உருளையை அளந்தார்கள், தரையை அளக்கவில்லை. சமதளத்தில் நின்ற இயந்திரங்களில் காய்கள் உள்ளேயே கிடந்து உருண்டு வெடித்தன.

வெள்ளைத்துரை காரணம் கேட்டு ஆள் அனுப்பினார். வடிவமைத்தவர் என்று குறிப்பிட்டு எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தருவதாக முத்துக்கண்ணன் சொல்லி அனுப்பினார். ஒரு மாதம் வரை எதுவும் வரவில்லை. அதற்குள் தேவி வேலைபார்த்த ஸ்டோரிலும் அந்த உருளையை வாங்கிப் போட்டிருந்தார்கள்.

“ஒரு செங்கல்லு உசரம்னு சொல்லிவிட்டா உங்ககிட்ட இருந்து என்ன போயிரப் போகுது?” என்று ஒருநாள் தேவி கேட்டார். “நாங்க பதினேழு பேரு வெடிச்ச காயைப் பொறுக்கிக்கிட்டு இருக்கோம்.”

“அவுங்ககிட்ட இல்லாதது அது ஒண்ணுதான்.”

“அவரு ஒண்ணும் வந்து பொறுக்கலையே. நாங்கதான பொறுக்குறோம்.”

முத்துக்கண்ணனின் கோப்புகளில் எதிலும் அதற்கான பதில் இல்லை.

தை மாதம் வெள்ளைத்துரையிடமிருந்து கடிதம் வந்தது. உறையின்மேல், “திரு. முத்துக்கண்ணன், மெக்கானிக்” என்று தட்டச்சு செய்திருந்தது. அவர் அதைப் பிரிக்கவில்லை. “வாங்க மறுக்கப்பட்டது” என்று எழுதி, தேதி போட்டு, கையொப்பமிட்டார். தபாலாபீஸ் அன்று அவர் வேலைக்குப் போகும் வழிக்கு எதிர்த்திசை. தமக்குப் போகிற வழிதானே என்று தேவியே அதை வாங்கிக்கொண்டார். தபாலாபீசில் கொடுத்துவிட்டு ஸ்டோருக்குப் போனார். அன்று அவர் முன்னால் வெடித்ததைப் பொறுக்க மூன்று சாக்குக் காய் கொட்டிக் கிடந்தது.