பாலிதீன் கவர் போட்ட கைகள்

கொல்லிமலையில் நான் நர்ஸாக இருந்தபோது, ஆப்பிரிக்காவில் எபோலா என்ற கொடிய காய்ச்சல் பரவுவதாகப் பத்திரிகையில் படித்தேன். உடனே ஊர்ப் பெண்களைக் கூட்டி விளக்கினேன்.

"காற்றில் பரவாது. நோயாளியின் ரத்தம், வாந்தி போன்றவை பட்டால்தான் தொற்றும்."

மிளகு பறித்துக் களைத்து வந்திருந்த பாப்பாத்தியக்கா கொட்டாவி விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுவாரம் பலாப்பழத்தை அளவில்லாமல் தின்று, காய்ச்சலும் வாந்தியுமாகப் படுத்துவிட்டேன். எபோலா என்று பயந்து இனி யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன். கதவு தட்டப்பட்டது. கையில் கஞ்சித் தூக்குடன் பாப்பாத்தியக்கா! இரண்டு கைகளிலும் பாலிதீன் கவர், மணிக்கட்டில் ரப்பர் பேண்ட்.

"பயமா இல்லையாக்கா?"

"பயந்தானுங்க நர்ஸம்மா. அதுக்குத்தானுங்க கவரு. காத்துல வராதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க!"

"அக்கா, இது பலாப்பழம் செய்த வேலை!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனாலும் கவரைக் கழற்றாமலே என் வாந்தி வாளியைக் கழுவி வைத்தார்.

அவர் போனபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் அவருடைய வீட்டுக்காரர் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தபோது, மாத்திரையை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பியவள் நான்.

அன்று என் பையில் கையுறை இருந்தது.